அமுதவல்லி பார்க்காத போட்டோக்கள்

"கேவுரு," என்றார் அமுதவல்லி, போனை மூக்கருகிலிருந்து இறக்காமலே.

எதிரில் நின்றவர் தலையைக் குனிந்துகொண்டார். ஐம்பது வயதிருக்கும், சட்டைப் பையில் இரண்டு பேனா. "தண்ணியில வுழுந்தா அரிசியில போடச் சொல்றாங்களேங்க. அன்னிக்குன்னு பாத்து வூட்டுல அரிசி இல்லீங்க. மாவு டப்பாதான் கைக்குக் கெடச்சுது."

"முழுக் கேவுரா இருந்தாக்கூட பரவால்லீங்க. மாவுல போட்டிருக்கீங்க. சார்ஜர் ஓட்டையில களி கிண்டி வெச்சிருக்கீங்க." ஊசி முனையால் ஒரு துளி காய்ந்த கேழ்வரகுக் களியைத் தோண்டி, வெள்ளைத் தாளில் வைத்து அவருக்கே காட்டினார். "இதுக்குத் தொட்டுக்க என்னாங்க கொண்டாந்தீங்க?"

அரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், உரக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே பத்தடி அகலத்தில் இருக்கிறது அந்த மொபைல் கடை. முன்பக்கம் கணவர் கதிரவன் கவர், கண்ணாடி, இயர்போன் விற்கிறார். பின்பக்கம், ஒரு பிளைவுட் தடுப்புக்கு அப்பால், அமுதவல்லி செத்த போன்களோடு இருக்கிறார். தொலைந்த படங்களைத் தேடி வருகிறவர்கள் முதலில் கதிரவனிடம்தான் அழுகிறார்கள். அவர் எல்லோருக்கும் ஒரே ஆறுதல் சொல்வார்: "எல்லாம் வந்துரும்ங்க, ஒண்ணும் கவலப்படாதீங்க." உள்ளேயிருந்து உடனே குரல் வரும்: "அவரு சொன்னத அவருகிட்டயே வாங்கிக்கங்க."

நான் அங்கே ஏழெட்டு முறை போயிருக்கிறேன். அதில் இரண்டு முறைதான் என் போன் கெட்டிருந்தது. மூன்றாவது முறை அவரே கண்டுபிடித்துவிட்டார். "சும்மாதான வந்தீங்க? வாங்க. இந்த லைட்டப் புடிச்சிகினு நில்லுங்க" என்று கையில் ஒரு டார்ச்சைக் கொடுத்தார். அன்றிலிருந்து நான் டார்ச் பிடிக்கிறேன்.

முகர்ந்து பார்ப்பது அவருடைய முதல் சோதனை. சாம்பாரில் விழுந்ததா, சோப்புத் தண்ணீரிலா, தக்காளிக்கு அடிக்கும் மருந்திலா என்பதை மூக்கு சொல்லிவிடும். அடுத்து ஒரு கேள்வி கேட்பார்: "கெணத்துத் தண்ணியா, போர் தண்ணியா?" வந்தவர் முழிப்பார். எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் எப்படிப்பட்டதென்று அதைக் குடித்து வளர்ந்தவர்களின் கறை பிடித்த பல்லைப் பார்த்தாலே தெரியும். அந்த நீர் போனுக்குள் போனால் ஒரே வாரத்தில் பச்சைப் பூஞ்சை போல உப்புப் பூத்துவிடும் என்பார். கிணற்று நீர் அவ்வளவு மோசமில்லையாம். மழை நீரில் போனை நனைத்து வருகிறவர்களை மட்டும் அவர் மரியாதையாக நடத்துகிறார்.

சோதனை முடிந்ததும் ஒரு சொல் வரும். அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். "பாக்கறேன்" என்றால் படங்கள் கிடைத்த மாதிரி. "பாக்கலாம்" என்றால் பாதிக்குப் பாதி. "பாப்போம்" என்று இழுத்தால் நீங்கள் அந்தப் படங்களை மனதுக்குள்ளேயே நினைத்துக்கொள்ளத் தொடங்கலாம். இதற்கு மேல் ஒரு வாக்குறுதியை அவர் வாயிலிருந்து எவரும் வாங்கியதில்லை. சொந்த மகள் பத்தாம் வகுப்பில் தேறுவாளா என்று உறவினர் ஒருவர் கேட்டதற்கும் "பாக்கலாம்" என்றுதான் சொன்னாராம். அந்தப் பெண் இரண்டு நாள் தாயோடு பேசவில்லை.

திருமணத்துக்கு முன்பு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டு பற்றவைப்பு வேலை பார்த்தவர். ஒரு நாளைக்கு நானூறு மின்சுற்றுப் பலகை, ஒவ்வொன்றிலும் ஈயம் பற்றவைக்க அதே ஆறு புள்ளி. "ஏழாவது புள்ளி எதுக்குன்னு கேட்டா சூப்பர்வைசரு மொறைப்பான். அந்த ஏழாவது புள்ளியத் தெரிஞ்சிக்கத்தான் வேலைய வுட்டேன்" என்பார். கிலோக் கணக்கில் உடைந்த போன்களை வாங்கிவந்து, பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டார். கதிரவனுக்கு அது பற்றி ஒரு வருத்தம் உண்டு. "எங்களுக்குக் கண்ணாலமாகி மொத வருசம், வூட்டுல கட்டில் மேல நான் படுத்ததவிட போனுங்க படுத்ததுதான் ஜாஸ்தி."

படம் வேண்டும் என்று வருகிறவர்களிடம் அவர் கேட்கும் இன்னொரு கேள்விதான் பலரை மடக்கிவிடும். "எந்தப் போட்டோ வேணும்?"

"எல்லாமே வேணுங்க. ஆறாயிரம் போட்டோ இருக்குதுங்க."

"ஒரு மூணு சொல்லுங்க. எனக்குத் தேடறதுக்குத் தோதா இருக்கும்."

அவர்கள் கூரையைப் பார்ப்பார்கள். குழந்தை என்பார்கள், கல்யாணம் என்பார்கள், அப்புறம் நின்றுவிடுவார்கள். தேடுவதற்கும் அந்த மூன்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வந்தால் எல்லாம் மொத்தமாகத்தான் வரும். எனக்கு அது தெரிய ஓராண்டாயிற்று. "அப்பறம் ஏங்க கேக்கறீங்க?" என்றேன். "இல்லீங்க, நெஜமாலுமே தொலைச்சிருக்காங்களா, சும்மா பதறறாங்களான்னு தெரிஞ்சிக்க வேணாமா?" என்றார்.

மீண்ட படங்களைத் தான் பார்ப்பதே இல்லை என்பது அமுதவல்லியின் கொள்கை. கம்ப்யூட்டர்த் திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்பிவைத்துவிட்டுத் தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். "அடுத்தவங்க வூட்டு அலமாரியத் தொறக்கற மாதிரிங்க அது." சொல்லும்போது முகம் அவ்வளவு கண்டிப்பாக இருக்கும். ஆனால் போன பொங்கலின்போது கடத்தூரிலிருந்து வந்த ஒரு ஆசிரியையை வழியனுப்புகையில், "அந்த மாம்பழக் கலரு சேல உங்களுக்கு நல்லா எடுப்பா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆசிரியை அன்று உடுத்தியிருந்தது நீலச் சேலை. நான் டார்ச்சை அணைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தேன்.

போன ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, நண்பகல் தாண்டியிருக்கும், நஞ்சம்மாள் என்ற அம்மா கடைக்கு வந்தார். அறுபது வயதுக்குக் கொஞ்சம் கூடவோ குறைவோ. இண்டூர்க்காரர், தக்காளி போடும் குடும்பம். கூடவே ஒரு காவலர், அவரைக் கொண்டுவந்து விடுவதற்காக. நஞ்சம்மாளின் ஒரு கையில் ஒயர்க் கூடை, இன்னொரு கையில் ஓர் ஆணின் சட்டை. சட்டை இன்னும் ஈரமாக இருந்தது. அதன் பையிலிருந்து போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

நடந்ததை அவரே சொன்னார். முந்தின நாள் கணவர் மாதையனோடு தீர்த்தமலைக் கோயிலுக்குப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். மாதையன் சட்டையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பாறையிலிருந்து விழும் தீர்த்தத்தில் நனையப் போனார். "நானும் ஒரு தலைக்குப் புடிச்சிக்கலாம்னு அந்தச் சட்டையோடவே தண்ணிக்குள்ள போயிட்டேன். போனு சட்டையில இருக்குதுன்னு நெனப்பே இல்ல. வெளிய வந்து பாத்தா ஆளக் காணம். அவரத் தொலைச்சதும் நான், போனக் கெடுத்ததும் நான்."

மாதையனுக்கு ஓராண்டாக மறதி. தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டே வீடு எங்கே என்று கேட்பாராம். ஒரு பகலும் ஓர் இரவும் போய்விட்டது. காவல் நிலையத்தில் படம் கேட்டார்கள். வாக்காளர் அட்டையில் இருப்பது இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய முகம். ஓசூரிலிருக்கும் மகள் சுகுணா அனுப்பியது தன் கல்யாணப் படம். அதில் அப்பா தலைக்குச் சாயம் பூசி, கட்டை மீசையோடு நிற்கிறார். ஆனி மாதம் குலசாமிக்கு மொட்டை போட்டு மீசையையும் எடுத்தாயிற்று. பல்லிலும் மூன்று போயிற்று. அந்தப் படத்தைக் காட்டித் தேடினால் அவரே எதிரில் வந்தாலும் யாருக்கும் தெரியாது.

"வீடியோ கால் பேசுவாருங்களே, பொண்ணுகிட்ட ஒண்ணும் இல்லீங்களா?" என்றார் கதிரவன்.

"பேசுவாரு. ஆனா மூஞ்சியக் காட்ட மாட்டாரு. மாட்டத்தான் காட்டுவாரு."

அமுதவல்லி போனை முகர்ந்து பார்த்தார். திறந்தார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. எந்தப் படம் வேண்டும் என்பது அன்று சொல்லாமலே தெரிந்திருந்தது. நஞ்சம்மாள்தான் கேட்டார், "வருமா பாப்பா?"

அமுதவல்லி வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, "பாக்கறேன்" என்றார். திறந்து கிடந்த அந்தப் போனைப் பார்த்திருந்த எனக்கு அது "பாக்கலாம்" கூட இல்லை என்று தெரியும். கதிரவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தடுப்பின் மேலாக எட்டி மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

போனின் மின்சுற்றுப் பலகையைக் கழற்றி ஆல்கஹாலில் ஊறவைத்து, யானைப் படம் போட்ட குழந்தைகள் பல்துலக்கியால் தேய்த்தார். அதற்கென்று அவர் வாங்குவது எப்போதும் குழந்தைகளுக்கானதுதான்; பெரியவர்களுடையது சுரண்டிவிடுமாம். காயவைத்து மின்சாரம் கொடுத்தபோது மீட்டரின் முள் எகிறி நின்றது. எங்கேயோ இரண்டு முனைகள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் குடிக்கின்றன. பலகைமேல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எந்த இடம் முதலில் காய்கிறது என்று பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோளாறுள்ள இடம் சூடாகும், சூடான இடம் முதலில் காயும். நான் டார்ச் பிடித்தேன். நான்காவது முறை ஒரு மணல் பருக்கை அளவுக்கு ஒரு புள்ளி சட்டென்று உலர்ந்தது. அந்தச் சிறு பாகத்தைச் சூடு காட்டிப் பெயர்த்தெடுத்தார். முள் இறங்கியது.

வேறொரு திரையைத் தற்காலிகமாகப் பொருத்தினார். வெளிச்சம் வந்தது. ஒன்பது புள்ளிகளும் வந்தன. விரலால் கோடு இழுத்தால்தான் திறக்கும். கோடு மாதையனுக்கு மட்டும்தான் தெரியும்.

"பூட்டு தெரியாம உள்ள போவ முடியாதுங்க" என்றார் அமுதவல்லி, முதல்முறையாகக் குரல் தணிந்து. "எதுனா ஞாபகம் இருக்குதாம்மா? அவரு வெரலு எப்புடிப் போவும்?"

"தெனம் பாக்கறதுதான?" நஞ்சம்மாள் மேசைமேல் விரலால் இழுத்துக் காட்டினார். "இப்புடி மேல போயி, இந்தாண்ட திரும்பி, குறுக்கால வந்து நிக்கும்."

அமுதவல்லி அப்படியே இழுத்தார். திறக்கவில்லை. இன்னொரு முறை நிதானமாக இழுத்தார். திறக்கவில்லை. நஞ்சம்மாளின் கண்ணில் நீர் கட்டிவிட்டது. "இதேதான் பாப்பா. எனக்குப் படிப்புதான் இல்ல, கண்ணு இருக்குது. இதேதான்."

அமுதவல்லி கொஞ்ச நேரம் அந்த அம்மாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, அவரு போனப் பாக்கறப்ப நீங்க எங்க ஒக்காந்திருப்பீங்க? பக்கத்துலயா?"

"பக்கத்துல என்னாத்துக்கு ஒக்காரப் போறேன்? எதுர்லதான். நான் தக்காளி தரம் பிரிச்சிகினு இருப்பேன், அவரு இதை நோண்டிகினு இருப்பாரு."

அமுதவல்லி போனைத் தலைகீழாகத் திருப்பி அவர் முன்னால் வைத்தார். "இப்ப நீங்களே இழுங்க."

நஞ்சம்மாள் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு இழுத்தார். மேலே போய், இந்தாண்ட திரும்பி, குறுக்கே வந்து நின்றார். போன் திறந்தது.

ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் படங்கள். வழக்கப்படி அமுதவல்லி திரையை அந்த அம்மா பக்கம் திருப்பிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நஞ்சம்மாள் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "எனக்குப் பொகையா தெரியுது. நீயே பாரு பாப்பா" என்றார். அனுமதி கிடைத்த அந்த நொடியில் அமுதவல்லி நாற்காலியைத் திருப்பிய வேகத்தைப் பற்றி நான் விரிவாக எழுதினால், அடுத்த முறை என் போனைத் தொடமாட்டார்.

செவலை மாடு நானூறு படத்துக்குக் குறையாமல் இருந்தது. தக்காளிக் கூடைகள், மோட்டார் மீட்டர், பேரப் பிள்ளைகள். நஞ்சம்மாள் நூற்றுக்கணக்கில் இருந்தார்: முதுகு காட்டிக் களை பறிக்கிற நஞ்சம்மாள், கோழியைத் துரத்துகிற நஞ்சம்மாள், வாய் திறந்து உறங்குகிற நஞ்சம்மாள்.

"என்னையவா எடுத்திருக்கறாரு?" என்றார் அவர். "ஒரு நாளாச்சும் சொன்னாரா, பாரு. தலையாவது வாரிகினு வந்திருப்பேன்."

கடைசி ஆறேழு மாதப் படங்கள் வேறு மாதிரி இருந்தன. ஒரு வீட்டின் கதவு. அதே கதவு, தெருவிலிருந்து. தெரு திரும்பும் இடத்தில் ஒரு வேப்பமரம். மாத்திரை அட்டை. இண்டூர் என்று எழுதிய பேருந்துப் பலகை. மறுபடி அதே கதவு, பத்துப் பதினைந்து தடவை. அமுதவல்லி அவற்றை வேகமாகத் தள்ளவில்லை. ஒவ்வொன்றாக நகர்த்தினார்.

ஆனால் மாதையன் எதிலும் இல்லை. படம் எடுத்தவர் அவர். காலை வெயிலில் எடுத்த சிலவற்றில் தரையில் நீளமாக ஒரு நிழல் மட்டும் விழுந்து கிடந்தது. அமுதவல்லி தொடக்கத்திலிருந்து ஒரு முறை, முடிவிலிருந்து ஒரு முறை பார்த்தார். மூன்றாம் முறை பார்க்கையில் ஓரிடத்தில் விரல் நின்றது.

கேமராவைத் தவறிப்போய் முகத்துப் பக்கம் மாற்றிவிட்டு எடுத்தது. தேதி பத்து நாளுக்கு முந்தையது. கீழிருந்து மேலாக, படத்தில் முக்கால்வாசி மூக்குத் துவாரம். அதற்கு மேலே இரண்டு கண், போன் ஏதோ அவமரியாதை செய்துவிட்டது போல முறைத்துக்கொண்டு. முளைவிட்ட மொட்டைத் தலை. மீசையில்லாத மேலுதடு. பின்னால் தகரக் கூரை.

கதிரவன் எட்டிப் பார்த்தார். "இதையா ஸ்டேஷனுக்கு அனுப்பறது? மூக்குதான தெரியுது."

"தொலைஞ்ச மனுசன் மூக்கோடதான போயிருக்காரு" என்றார் அமுதவல்லி, அனுப்பிக்கொண்டே.

நஞ்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரோ என்று பார்த்தேன். "இதேதான். சோத்துல உப்பு பத்தலன்னா இப்புடித்தான் பாப்பாரு" என்று சொல்லிக்கொண்டே அழுதார்.

மாலை நான்கரைக்குப் படம் போயிற்று. காவலர் அதை அவருக்குத் தெரிந்த வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் போட்டார். ஆறு மணிக்கு ஒரு பேருந்து நடத்துநர் டீ குடிக்கும்போது பார்த்திருக்கிறார். கல்யாணப் படத்தைக் காலையிலேயே பார்த்தவர்தான். அப்போது ஒன்றும் தோன்றவில்லையாம். இதைப் பார்த்ததும், "இந்த மொறைக்கற பெரியவரா" என்று அவரே போன் செய்தார். முந்தின நாள் மதியம் தீர்த்தமலையிலிருந்து வந்த கூட்டத்தோடு அரூரில் ஏறியவர். மேலே துண்டு மட்டும். டிக்கெட் கேட்டதற்கு இப்படித்தான் முறைத்தாராம். எங்கே போகணும் என்று கேட்டதற்கு, "மொரப்பூருங்க. பொண்டாட்டி அப்பன் வூட்டுக்குப் போயிருக்கறா, கூட்டிகினு வரணும்" என்றாராம். பாவம் பார்த்து நடத்துநரே டிக்கெட் போட்டு இறக்கிவிட்டிருக்கிறார்.

மொரப்பூர் நஞ்சம்மாள் பிறந்த ஊர். அவருடைய அப்பா இறந்து முப்பது வருடமாகிறது. அந்த வீடும் இப்போது இல்லை. ஏழரை மணிக்கு அந்த ஊர் ரயில் நிலையத்தில் மாதையனைக் கண்டுபிடித்தார்கள். நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டீ விற்கிறவர் இரண்டு நாளாக அவருக்கு பன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இரவு அங்கேயே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டாராம். யாருக்குக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டவர்களிடம் எல்லாம் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறார்.

செய்தி வந்தபோது நஞ்சம்மாள் கடையில்தான் இருந்தார். "நான் நாலடி தள்ளி தலையத் துவட்டிகினு நிக்கறேன், என்னையத் தேடி எங்கப்பன் வூட்டுக்குப் போயிருக்கறாரு, பாரு" என்று சிரித்தார். காவலரின் வண்டியில் ஏறும்வரை அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. அமுதவல்லி "சரிங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு, கழுவிவைத்திருந்த பல்துலக்கியை எடுத்து இன்னொரு முறை கழுவினார். அன்று வாசலில் கதிரவன் என்னிடம் குரலைத் தாழ்த்தி, "பாக்கறேன்னு சொல்லிட்டா பாத்தீங்களா" என்றார்.

வியாழக்கிழமை இருவரும் கடைக்கு வந்தார்கள். போனுக்கு நல்ல திரை போட வேண்டும். மாதையன் ஒல்லியாக, உயரமாக, துவைத்த சட்டையில் இருந்தார். படத்தில் இருந்த அளவுக்கு மூக்கு பெரிதில்லை. கதிரவன் ஆர்வக் கோளாறில் அந்தப் படத்தைத் தன் போனில் எடுத்து அவருக்குக் காட்டினார்.

மாதையன் வெகுநேரம் பார்த்தார். "யாருங்க இந்த ஆளு?"

நஞ்சம்மாள்தான் சொன்னார், "நம்ம ஊரு ஆளுதான். மனுசன் நல்லவரு, மூஞ்சிதான் இப்புடி."

"ஓ" என்றார் மாதையன். பிறகு, "ஏங்க, ரொம்ப நேரம் ஆவுங்களா? எங்க வூட்டுக்காரி தேடுவா" என்றார்.

"அரை மணி நேரம் ஆவுங்க" என்றார் அமுதவல்லி. தடுப்புக்கு உள்ளே இருப்பது ஒரே நாற்காலி, அவருடையது. பற்றவைக்கும்போது உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கை ஆடிவிடும் என்று அதைக் கணவருக்குக்கூட விட்டுத்தர மாட்டார். எழுந்தார். துப்பட்டாவால் இருக்கையை ஒருமுறை தட்டினார். மாதையனின் முழங்கையைப் பிடித்து மெதுவாக அதில் உட்காரவைத்து, நஞ்சம்மாள் அவர் கண்ணில் படும்படி நாற்காலியைக் கொஞ்சம் திருப்பினார். பிறகு பூதக்கண்ணாடிக்கு எட்டுமாறு இடுப்பை வளைத்து, மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டு, நின்றபடியே வேலையைத் தொடங்கினார்.